பிரித்து விற்ற கம்ப்யூட்டர்

4 நவ., செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துவைத்த துணி எதுவும் காயவில்லை. மில் டைம் ஆபீசுக்கு நானே தாமதமாய்ப் போய், தாமதமாய் வந்தவர்கள் அட்டையில் எல்லாம் சிவப்பு மை போட்டேன். வாய் திறந்து யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பார்வையில் சொன்னார்கள்.

மதுரை டாக்டர் நேற்றுச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன், நாளைக்கு அம்மா வேறு மாதிரி சொல்வாள். தம்பி கார்த்திக்குத் தலையில் ஒன்றுமில்லை. ஸ்கேன் சுத்தம். தொண்டையும் சுத்தம். வடமதுரை ரோட்டில் வண்டியிலிருந்து விழுந்த காயமெல்லாம் சித்திரையிலேயே ஆறிவிட்டது. பேச்சுதான் வரவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தே கிடக்கிறான். அம்மா கட்டிலுக்குப் போய்ப் பிசைந்து ஊட்டுகிறாள். இருபத்திரண்டு வயசு ஆளுக்கு.

டாக்டர்: "முன்னாடி அவருக்கு எது உசுரோ அதைக் கண்ணு முன்னால கொண்டாந்து வைங்க. கட்டாயப்படுத்தாதீங்க."

உசுர் எதுவென்று எங்கள் அகரம் ஊர் முழுக்கத் தெரியும். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கத்து கேமிங் சென்டர். போன மாதம் அங்கே கூட்டிப்போய்ப் பார்த்தேன். ஆட்களைக் கண்டதும் சுவரோடு ஒட்டிக்கொண்டான். ஆக, கம்ப்யூட்டர்தான் வீட்டுக்கு வரவேண்டும்.

அம்மா: "அம்புட்டுக் காசு போட்டு வெளையாட்டுச் சாமானா?" பிறகு அவளே, "ஒரே ஒரு வாட்டி அம்மான்னு கூப்பிடட்டும், என் வளையலக்கூட வித்துக்க." வளையல் வேண்டாம். சீட்டு எடுத்தது இருக்கிறது. அதற்குள் முடிக்கப் பார்க்கிறேன்.

6 நவ., வியாழன்

மழை இல்லை. கேஸ் புக் செய்ய வேண்டும்.

பஸ்ஸில் போக வர ஒரே யூடியூப். எல்லோரும் காலேஜ் பையன்கள். "மக்களே" என்று ஆரம்பித்து மூச்சுவிடாமல் பேசுகிறார்கள். ஒருவன் வாங்கச் சொன்னதை இன்னொருவன் குப்பை என்கிறான். எனக்குப் புரிந்த அளவு:

பிராசஸர் – நடுத்தரம் போதும்.
மதர்போர்டு – பிராசஸருக்குப் பொருந்தணும். இல்லையென்றால் உட்காரவே உட்காராது.
ரேம் – பதினாறு ஜிபி. விலை ஏறிக் கிடக்கிறது, கடைக்காரர்களே தலையில் கை வைக்கிறார்கள்.
கிராபிக்ஸ் கார்டு – கேம் ஓடுவது இதில்தான். பாதிப் பணம் இதற்கே.
எஸ்.எம்.பி.எஸ். – எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டி, மட்டமானது வேண்டாம். எரிந்தால் எல்லாவற்றையும் சேர்த்து எரிக்கும்.
எஸ்.எஸ்.டி. – ஃபைலெல்லாம் இருப்பது இதில்தான், இது மட்டும் புதுசு.
கேபினெட் – காற்று போகிற மாதிரி.
மானிட்டர் – சித்தப்பா கொடுக்கிறார். ஓரத்தில் ஒரு கீறல், பரவாயில்லை.

எல்லாம் புதுசாய்ப் போட்டால் சீட்டுப் பணத்துக்கு இரண்டு மடங்கு. ஆக செகண்ட் ஹேண்ட். எட்டாவதில் கணக்கில் கோட்டைவிட்டவள், இன்றைக்கு எது எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்று வாட் கணக்குக் கூட்டிக்கொண்டிருக்கிறேன்.

8 நவ., சனி

பாதி நாள் லீவு. திண்டுக்கல்லில் பழைய கம்ப்யூட்டர் விற்கும் பாய் கடை. வயசானவர், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத்தான் எதையும் பார்க்கிறார்.

முதலில் காட்டிய கார்டு, யூடியூபில் சொன்ன மாதிரியே ஃபேன் இறக்கையெல்லாம் மஞ்சள் பூத்திருந்தது. "இது பிட்காயின் மைனிங்ல ராப்பகலா ஓடினதா பாய்?" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வெவரமாத்தான் வந்திருக்கீங்க" என்றார். எனக்கு உள்ளே ஒரே பெருமை.

இரண்டாவது, புதுசு, ஆனால் மெமரி நாலு ஜிபிதான். மூன்றாவது அவராக எடுத்துக் காட்டவில்லை. கீழ்த்தட்டில் பேப்பர் சுற்றிக் கிடந்ததை நான்தான் காட்டிக் கேட்டேன். எட்டு ஜிபி. விலை மற்ற இரண்டையும்விடக் குறைவு.

"இது மட்டும் ஏன் பாய் கம்மி?"

"ரொம்ப நாளாக் கெடக்கு. ஒரே கை ஓட்டினது. கொறை ஒண்ணும் இல்ல."

கடையிலேயே மாட்டி ஓட்டிக் காட்டினார். ஓடியது. பேப்பரில் திரும்பச் சுற்றும்போது பார்த்தேன், பின்பக்கத் தகட்டில் காய்ந்த சந்தனம், அதன் மேல் குங்குமம். ஆயுத பூஜைக்கு வைத்தது போல. நம் ஊரில் கால்குலேட்டருக்கே பொட்டு வைக்கிறவர்கள்.

பணத்தை வாங்கிக்கொண்டு பாய் கேட்டார்: "மத்த சாமான்லாம் எங்க எடுக்கப் போறீங்க?"

"வெளிய விலை விசாரிச்சுட்டு வாரேன் பாய்."

"நல்லது. வெளியவே எடுங்க. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு எடத்துல எடுங்க."

வியாபாரத்தை வெளியே அனுப்பிவைக்கிற வியாபாரியை முதல் தடவையாய்ப் பார்க்கிறேன்.

9 நவ., ஞாயிறு

வடமதுரை. கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோக்காரர் பழைய கம்ப்யூட்டர் விற்கும் வாட்ஸப் குரூப்பில் போட்டிருந்தார். மதர்போர்டு, பிராசஸர், ரேம் மூன்றும் சேர்த்து. இந்த விலைக்கு ரேம் மட்டும்கூட வராது. ஏமாற்று வேலையோ என்று சந்தேகம். நேரில் போனால் நல்ல மனிதர், டீ வாங்கித் தந்தார்.

"நல்லா ஓடுதுன்னா எதுக்குண்ணே விக்கிறீங்க?"

"சம்சாரம் வேணாங்குறாம்மா."

"ஏன்?"

சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "எடிட் பண்ணிக்கிட்டு இருக்கும்போது பின்னாடி ஆரோ எட்டிப் பாக்குற மாதிரி இருக்கும். கல்யாண சீசன், தூக்கம் பத்தல, அம்புட்டுதான். அதப் போயி அவகிட்டச் சொன்னது என் தப்பு."

போர்டைக் கையில் வாங்கினேன். மூலையில், திருகு போடும் ஓட்டைக்குப் பக்கத்தில், சந்தனம் குங்குமம். சின்னப் பொட்டு. குங்குமம் நடுவில் இல்லாமல் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி. இவரும் பக்திமான் போல என்று நினைத்துக்கொண்டேன். கிளம்பும்போதுதான் கழுத்தில் சிலுவையைப் பார்த்தேன்.

பஸ் முழுக்க அந்த ஞாபகம். அவருக்கு முன்னால் வைத்திருந்தவர் வைத்திருப்பார். அதற்கென்ன.

12 நவ., புதன்

நிலக்கோட்டை. மல்லிகை விலை விழுந்து கிடக்கிறது, மழையில் எல்லாம் நனைந்த பூ. அதே வாட்ஸப் குரூப்பில் பார்த்தது, பூக் கமிஷன் கடை ஒன்றில் கேபினெட்டும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும். கண்ணாடிப் பக்கம் வைத்த கேமிங் கேபினெட் பூக்கடையில் என்ன செய்கிறது?

கடைக்காரர்: "லைட்டெல்லாம் எரியுது, அழகா இருக்கேன்னு எடுத்துட்டேன். பில்லுப் போட வந்த ரெண்டு புள்ளைகளும் அதுகிட்ட ஒக்கார மாட்டேங்குதுக. எடுத்துக்கிட்டுப் போம்மா, இருக்குற வெலையக் குடு."

நான் கேட்டதற்கும் கீழே அவரே இறங்கினார். பஸ்ஸில் ஏற்றிவிட ஆளும் அனுப்பினார்.

அம்மா கேட்டாள், பூ வாங்கினாயா என்று. நிலக்கோட்டைக்குப் போய்ப் பூ வாங்காமல் வந்தவள் நான் ஒருத்திதான்.

15 நவ., சனி

வெயில். எஸ்.எஸ்.டி. பார்சல் வந்துவிட்டது. ஹாலில் பாய் விரித்து எல்லாவற்றையும் பரப்பி, வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து மாட்டினேன். பிராசஸர் மேல் பேஸ்ட் தடவினேன். பற்பசையைவிடக் கொஞ்சம் இறுகல்.

கேபினெட்டைத் துடைத்தபோது உள்பக்கம் சந்தனம் குங்குமம். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியில் ஒன்று. குங்குமம் இடப்பக்கம் தள்ளி. கார்டை எடுத்துப் பார்த்தேன். இடப்பக்கம் தள்ளி. போர்டைப் பார்த்தேன்.

மூன்று ஊர். மூன்று ஆள். ஒரே விரல்.

சும்மா இருக்கலாம் என்று நினைத்து மாட்டிக்கொண்டே போனேன். போர்டு போய் உட்கார்ந்தது, ஒரு திருகுக்கும் இடம் மாற்ற வேண்டியிருக்கவில்லை. கார்டுக்குப் பின்னால் கழற்ற வேண்டிய தகடு ஏற்கெனவே கழற்றியிருந்தது, சரியான இடத்தில். கேபினெட் அடித்தட்டில் துடைத்தும் போகாத தூசி, நடுவில் நீளமாய்த் தூசி படியாத பட்டை. கார்டை மாட்டினேன். அந்தப் பட்டைக்கு நேர் மேலே வந்து நின்றது, அளவு கொஞ்சமும் பிசகவில்லை.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

பிரித்து விற்ற ஒரே கம்ப்யூட்டரைத் திரும்பச் சேர்த்திருக்கிறேன். இருக்கட்டுமே. திண்டுக்கல்லில் பழைய சாமான் விற்பவர்கள் எத்தனை பேர், எல்லாம் அவர்களுக்குள்ளேயே சுற்றுகிறது. பழைய ஆளுடைய ஃபைல் எதுவும் இருக்க வழியில்லை. எஸ்.எஸ்.டி. புதுசு, நானே உறை பிரித்தேன்.

முதல் தடவையிலேயே ஆன் ஆனது. முதல் தடவை ஆகவே ஆகாது என்று எல்லா வீடியோவிலும் சொன்னார்கள்.

அம்மா சூடம் காட்டினாள். பழைய பொட்டைப் பார்த்துவிட்டு, "நல்ல மனுசங்க வச்சிருந்தது போல" என்று அதன் மேலேயே புதுப் பொட்டு வைத்தாள்.

16 நவ., ஞாயிறு

கார்த்தி திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா ஜாடையாய் என்னைப் பார்க்கிறாள். நான் அரிசி புடைத்தேன்.

மதியம் அம்மா தூங்கிவிட்டாள். நானும் கண்ணயர்ந்தேன். நாற்காலி இழுபடும் சத்தம். கா. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறான்! அவனாக எழுந்து, அவனாக நடந்து. அம்மாவைத் தொட்டு எழுப்பினேன். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றோம். அம்மா கண்ணில் தண்ணீர். எனக்கும்தான்.

மவுஸை எடுத்து இடப்பக்கம் வைத்துக்கொண்டான்.

அவன் வலது கைக்காரன். கேமிங் சென்டரில் வலது கையால்தான் ஆடுவான். விழுந்ததில் வலது தோளில் வலி மிச்சம் இருக்குமோ?

18 நவ., செவ்வாய்

மில்லில் ஆடிட். தலைவலி.

கா. காலையிலிருந்து ஆடுகிறானாம். ஹெட்செட் போட்டுக்கொண்டு. கேமில் கூட ஆடுகிற பையன்கள் பேசுவது வெளியே லேசாய்க் கேட்கிறது, எங்கெங்கோ ஊர்க்காரர்கள். இவன் பேசவில்லை. ஆனால் உதடு அசைகிறது என்கிறாள் அம்மா. நான் போய்ப் பார்த்தேன். அசைகிறது.

கம்ப்யூட்டரை அணைத்தால் கட்டிலுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுகிறான்.

20 நவ., வியாழன்

பேசிவிட்டான்.

அம்மா போன் செய்தாள், அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. "விஜி, பேசிட்டான்டி! காபி கேட்டான்!" நான் டைம் ஆபீசிலேயே உட்கார்ந்து அழுதேன். சிவப்பு மை வாங்கும் கைகளெல்லாம் வந்து தட்டிக்கொடுத்தன.

வீட்டுக்கு வந்ததும் விவரமாய்க் கேட்டேன். திரையிலிருந்து கண் எடுக்காமல் கேட்டானாம்: "ராசாத்தி, காபி."

"ராசாத்தியா? அது யாரும்மா?"

அம்மாவுக்கு வெட்கம் போல ஒரு சிரிப்பு. "ஆரோ ஒரு புள்ள. காலேஜ்ல இருக்கும். எந்தச் சாதியா இருந்தா என்ன, என் புள்ளைய எழுப்பி விட்டுட்டால்ல. போயி பொண்ணு கேட்டுருவோம்."

அகரத்திலேயே ராசாத்தி என்று யாராவது இருக்கிறார்களா என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள். இந்தக் காலத்தில் எந்தப் பெண்ணுக்கு ராசாத்தி என்று பேர்? இருந்தாலும் எனக்கும் ஆசைதான். எத்தனை மாதத்துக்கு அப்புறம் இந்த வீட்டில் சிரிப்பு.

22 நவ., சனி

தொட்டுக்கொள்ள வெஞ்சனம் இன்னும் வேண்டும் என்று கேட்டுச் சாப்பிட்டானாம், வெண்டைக்காய். விழுவதற்கு முன்னால் வெண்டைக்காயைத் தட்டில் ஒதுக்கி வைப்பவன்.

மதியம் பக்கத்தில் போய் நின்றேன். நன்றாகப் பேசுகிறான். ஹெட்செட்டில் யாரையோ "ஏலே அப்பு, வலது பக்கம் வாரான் பாரு" என்கிறான். குரல் கார்த்தியுடையதுதான். பேச்சுதான் வேறு வேகத்தில் போகிறது.

கிண்டலாய்க் கேட்டேன்: "ஏண்டா, ராசாத்தி யாரு? அக்காகிட்டச் சொல்ல மாட்டியா?"

திரும்பினான். முகத்தில் கோபம் இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டு ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்தான்.

"ஏங்க, செத்தத் தள்ளி நில்லுங்க. வெளிச்சத்த மறைக்குது."

ஏங்க. நில்லுங்க. பிறந்ததிலிருந்து என்னை 'ஏய் விஜி' என்று கூப்பிட்டு அடி வாங்கியவன்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. பேச்சு பாதியில் நின்றது. வாய் திறந்தபடியே எழுந்து போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்தான்.

கரண்ட் வரும்வரை அம்மா வாசலில் நின்று மின்வாரியத்தைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

25 நவ., செவ்வாய்

வேலை முடிந்து நேரே பாய் கடை. போனில் எடுத்த படத்தைக் காட்டினேன். கண்ணாடிப் பெட்டி, உள்ளே எல்லாம் மாட்டியது. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிப் பார்த்தவர், போனைத் தந்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

சின்னாளபட்டி. நெசவுக்காரக் குடும்பத்துச் சாமான் என்றார். ஒரே பையன், சரவணன், போன வருஷம் காய்ச்சலில் போய்விட்டான். அவன் அம்மாவும் தாய்மாமனும்தான் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து கொடுத்தார்களாம்.

"அந்தம்மா எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டுத்தான் குடுத்துச்சு. எல்லாத்தயும் ஒரே வீட்டுக்குக் குடுக்கக் கூடாது, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு ஊருக்குப் போகணும்னு. நானும் அப்படித்தாம்மா குடுத்தேன். ஒண்ணு வடமதுர, ஒண்ணு நிலக்கோட்ட. நீங்க பஸ்ஸேறிப் போயி ஒண்ணு சேத்துட்டீங்களே."

நான் ஒன்றும் தேடிப்போய்ச் சேர்க்கவில்லை. மலிவாய் இருந்ததை வாங்கினேன். யாரும் வைத்துக்கொள்ள விரும்பாததால் மலிவாய் இருந்தது. இதை அவரிடம் சொன்னேனா, மனசுக்குள் சொல்லிக்கொண்டேனா, ஞாபகமில்லை.

பஸ்ஸில் ஏறி, நினைப்பில்லாமல் எங்கள் ஊர் தாண்டி இறங்கி, திரும்ப நடந்தேன்.

27 நவ., வியாழன்

லீவு. காரணம் வயிற்றுவலி என்று எழுதிக் கொடுத்தேன்.

சின்னாளபட்டி. பாய் சொன்ன தெரு. வாசலில் சுங்கடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார் அந்த அம்மா. துணியில் ஒரு புள்ளியைக் கிள்ளி, நூலைச் சுற்றி, இழுத்து, அடுத்தது. பேசும்போதும் கை நிற்கவில்லை. பழைய கம்ப்யூட்டர் விஷயமாய் வந்தேன் என்று மட்டும் சொன்னேன்.

"மொத மொத வாங்குன வருசம் ஆயுத பூசைக்கு, திருகாணியெல்லாம் கழட்டி உள்ள இருந்தத ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டுனான். நான் ஒவ்வொண்ணுக்கும் பொட்டு வச்சேன். ஈரச் சந்தனம் பட்டா எல்லாம் போயிரும்னு கத்துனான். கத்திக்கிட்டே அவனே சந்தனக் கிண்ணத்தப் பிடிச்சான்."

"ஏன் பிரிச்சு விக்கச் சொன்னீங்கம்மா?"

"அவன் போனதுக்கப்பறம் மத்தியானமானா உள்ள ஃபேன் சுத்துற சத்தம் கேக்கும். பிளக்கப் புடுங்கி ஆணியில மாட்டி வச்சிருந்தேன், அப்பயும் கேக்கும். எம் புள்ள அங்கன ஒக்காந்து காபி கேக்குறான், அவனுக்குப் போகத் தெரியலன்னு நெனச்சேன். சாமான் ஒரெடத்துல இல்லன்னா கெளம்பிருவான்ல?"

கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டேன். "உங்க பேரு என்னம்மா?"

"ராசாத்தி. அவுங்கப்பா கூப்பிடுறதக் கேட்டு அவனும் பேரச் சொல்லித்தான் கூப்பிடுவான், வெளங்காத பய."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். மவுஸ் இடப்பக்கம் என்றதும் முதல் தடவையாய் அந்தக் கை நின்றது.

29 நவ., சனி

ராசாத்தி அம்மா வந்தார். எங்கள் அம்மாவுக்கு நேற்றே சொல்லிவிட்டேன். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். வீட்டை மெழுகித் துடைத்து வைத்திருந்தாள்.

கா. திரும்பவே இல்லை. செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டதும், "ராசாத்தி, எங்க போன? எம்புட்டு நேரமாக் கூப்பிடுறேன்" என்றான்.

அந்த அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு யாரையும் கேட்காமல் எங்கள் அடுப்படிக்குள் போனார். சர்க்கரை டப்பா எது என்று கூடக் கேட்கவில்லை. காபியைக் கொண்டுவந்து இடது கைப்பக்கம் வைத்தார். அவன் குடித்துவிட்டு, "சீனி பத்தல" என்றான். "பத்தாட்டிக் குடிக்காத" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குப் பயமாய் இருந்தது. சந்தோஷமாயும் இருந்தது, அதை எழுதாமல் விட்டால் பொய்.

எங்கள் அம்மா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கா. அவளைக் கவனித்தான். மரியாதையாய்ச் சொன்னான்: "ஏங்க, நிக்கிறீங்களே. நீங்களும் ஒக்காருங்க."

அம்மா உட்கார்ந்தாள்.

பஸ் ஸ்டாப் வரை நான் கூடப் போனேன். ராசாத்தி அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். "பிரிச்சிரும்மா. உங்கம்மா மொகத்தப் பாத்தேன். எம் புள்ளைக்காக இன்னொருத்தி புள்ளையப் பிடிச்சு வச்சா அடுக்காது. அவன் போகட்டும், ஒன் தம்பி வரட்டும்."

"நீங்க இன்னொரு தடவ வாங்கம்மா, பாத்துட்டு."

"வர மாட்டேன். வந்தா விட மாட்டேன்."

பஸ் ஏறும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

30 நவ., ஞாயிறு

பிரித்துவிட்டேன்.

அம்மா குறுக்கே வந்து நின்றாள். "அவனாப் பேசுறான், அவனா எந்திரிக்கிறான், உனக்கு என்னடி?" தள்ளிவிட்டுத்தான் பிளக்கைப் பிடுங்கினேன். கார்டைக் கழற்றிப் பழைய பேப்பரிலேயே சுற்றி என் பீரோவில் துணிக்கு அடியில் வைத்துப் பூட்டினேன்.

கா. கட்டிலுக்குப் போய்விட்டான். பக்கத்தில் உட்கார்ந்து, "டேய், நான்தாண்டா விஜி" என்றேன். பல தடவை சொன்னேன்.

நாளைக்கு வருவான். இடம் காலியாகிவிட்டதே, வரவேண்டியவன் வருவான்.

2 டிச., செவ்வாய்

வரவில்லை. மழை பிடித்துக்கொண்டது. மாடியில் தண்ணீர் தேங்குகிறது.

முன்பெல்லாம் ஊட்டினால் விழுங்குவான். இப்போது வாயே திறக்கவில்லை. கடைவாய் வழியாகக் கஞ்சி வழிகிறது.

4 டிச., வியாழன்

டாக்டருக்குப் போன். அட்மிட் செய்து குளுகோஸ் ஏற்றலாம் என்கிறார். ஏற்றினால் பேசுவானா என்றேன். எப்போது கூட்டி வருகிறீர்கள் என்றார்.

அம்மா என்னோடு பேசுவதில்லை. கட்டில் காலடியில் உட்கார்ந்து அவன் பாதத்தைத் தேய்த்துவிடுகிறாள். "கார்த்தி, அய்யா, அம்மாடா." காதோரம், மெதுவாய், திரும்பத் திரும்ப. அடுத்த அறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

தூங்கும்போதும் கண் திறந்தே இருக்கிறது. உள்ளே யாருமே இல்லாத மாதிரி. அந்தப் பையன் போய்விட்டான். என் தம்பி எங்கே இருக்கிறான்? விழுந்த இடத்திலேயே, வடமதுரை ரோட்டில், இன்னும் நிற்கிறானா?

6 டிச., சனி

மழை விட்டு வெயில் சுள்ளென்று. வேலையிலிருந்து வந்தபோது பீரோ திறந்து கிடந்தது. பூட்டை உடைத்திருக்கிறாள். அம்மா மடியில் பேப்பர் பொட்டலம்.

"மாட்டு."

"அம்மா, அது கார்த்தி இல்லம்மா."

"தெரியும்டி. பெத்தவளுக்குத் தெரியாதா? ஒங்களுக்கெல்லாம் முன்னாடியே தெரியும். அன்னைக்கு ராசாத்தின்னு கூப்பிட்டப்பவே." பொட்டலத்தை என் கையில் திணித்தாள். "ஆரா இருந்தா என்ன? ஒடம்பு என் புள்ளை ஒடம்பு. அதுக்குச் சோறு போகணும்."

பேப்பரைப் பிரித்தேன். கார்டு கிளிக்கென்று உட்கார்ந்தது.

7 டிச., ஞாயிறு

தெளிவான வானம். பால் திரிந்துவிட்டது, மறுபடி வாங்கினேன்.

நேற்றுச் சாயங்காலம் ஆன் செய்ததும் எழுந்து வந்து உட்கார்ந்தான். மவுஸை இடப்பக்கம் எடுத்து வைத்தான். ராத்திரி முழுக்க ஒரு வார்த்தையும் இல்லை. இன்று காலையிலும் இல்லை. கோபமாய் இருக்கிறான் என்றாள் அம்மா. யார் என்று நான் கேட்கவில்லை.

மதியம் வெண்டைக்காய் வதக்கினாள். இலை போட்டாள், கட்டிலுக்குக் கொண்டு போகவில்லை, கீழே, எங்களோடு சேர்த்து மூன்றாவதாக. தண்ணீர் வைத்தாள். ஒரு தடவை "கார்த்தி" என்றாள். திரை வெளிச்சம் அவன் முகத்தில் மாறி மாறி விழுந்தது, அவன் அசையவில்லை.

அம்மா என்னைப் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு அடுப்படி வாசலில் நின்று, தினமும் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டாள்:

"சரவணா, சாப்பிட வாய்யா."

ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு, "இந்தா வாரேன்" என்று எழுந்து வந்தான்.

நான் சோறு போட்டேன்.